இரண்டு விரல் தாராளம்

துணி என்று வந்துவிட்டால் டெய்லரம்மா எதற்கும் பயந்தவள் இல்லை. வழுக்கிக்கொண்டு ஓடும் சாட்டின், ஊசியை ஒடிக்கும் ஜீன்ஸ், தொட்டாலே நூல் பிரியும் மெல்லிய ரகம் எல்லாம் அவள் கைக்கு வந்தால் அடங்கிவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு. துணியின் குணம் தெரிந்துவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து, அந்த நீலத் துணியை மடியில் போட்டுத் தடவியபோது, பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இது தனக்குத் தெரிந்த உலகம் என்று நினைத்தாள்.

அந்த நினைப்புதான் அவளைக் கவிழ்த்தது.

அது ஸ்லிங். நடக்க முடியாதவரை உட்கார்ந்த வாக்கில் தூக்கும் துணி. ஒரு சட்டையின் முதுகுப்புறத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதற்குக் கீழே இரண்டு அகலமான வால்களை விட்டதுபோல இருக்கும். முதுகுப் பாகம் ஆளின் முதுகைத் தாங்கும். வால்கள் இரண்டும் தொடைகளுக்கு அடியில் நுழைந்து, நடுவில் ஒன்றை ஒன்று தாண்டிக் குறுக்காக மேலே வரும். ஓரமெல்லாம் காரின் சீட் பெல்ட்டைப் போன்ற தடித்த நாடா ஓடுகிறது. தோள்கள் இரண்டிலும், வால்கள் இரண்டிலும் அந்த நாடாவே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நீளமாக, வண்ண வண்ண வளையங்களாக முடியும். வளையங்களை மாட்டுவதற்கு ஒரு இயந்திரம் வேண்டும். அது முன்பே வந்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது: தரையோடு தரையாக இரண்டு நீண்ட கால்கள், சக்கரங்கள், ஒரு தூண், தூணின் உச்சியிலிருந்து நீளும் கழுத்து, கழுத்தின் நுனியில் துணி மாட்டும் ஹேங்கர் மாதிரி ஒரு கம்பி. டெய்லரம்மாவின் கணவர் அதைப் பார்த்ததும் வைத்த பெயர் கொக்கு. பக்கவாதம் வந்ததற்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது.

அவரைத் தெருவில் எல்லாருக்கும் டிரைவர் என்றால்தான் தெரியும். பாதி ஆயுளை லாரியின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கழித்தவர். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பி வந்திருந்தது, ஆனால் மேடு ஏறும் பழைய வண்டியைப் போல நின்று நின்றுதான் வரும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் இதுவரை டெய்லரம்மாதான் அவரைத் தூக்கி மாற்றிக்கொண்டிருந்தாள். அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து, மார்போடு மார்பாக அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அப்படித் தூக்கினால் அவருடைய தோள் மூட்டும் கழன்றுவிடும், உங்கள் இடுப்பும் போய்விடும் என்று ஆஸ்பத்திரி பிசியோ எச்சரித்திருந்தாள். தோள் இதுவரை தப்பித்தது. இடுப்பு போய்விட்டது. இப்போதெல்லாம் தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்க வேண்டுமென்றால், டெய்லரம்மா மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரிடமோ அனுமதி கேட்பதுபோலக் கொஞ்ச நேரம் குனிந்தே நிற்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் டிரைவரின் அக்கா பராமரிப்பு இல்லத்தில் ஒரு இடத்துக்குச் சொல்லி வைத்தாள். பக்கத்துத் தெருவில் இருப்பவள், வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

"அவனை நீ தூக்குற. சரி. நாளைக்கு நீ விழுந்தா உன்னை யாரு தூக்குவா? நானா? எனக்கு என் முட்டியத் தூக்கவே ஆள் இல்ல" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் அண்ணி. கொக்கு வந்திருக்கில்ல."

"கொக்கு வந்து நின்னுகிட்டுதான் இருக்கு. மீன் பிடிச்ச மாதிரி தெரியலையே."

பேச்சு முற்றி, கடைசியில் டிரைவரே ஒரு முடிவு சொன்னார். வியாழக்கிழமை பிசியோ வருவாள். இந்த வீட்டில் அவரைப் பத்திரமாகத் தூக்க முடியும் என்று அவள் சொன்னால் இங்கேதான். முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்கு. "அதுக்கு மேல... யாரும்... பேசக் கூடாது" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். இல்லத்துக்குப் போக அவருக்கு இஷ்டம் இல்லை என்பது அந்தச் சுவருக்கும் தெரியும்.

இப்போது அந்த முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஸ்லிங் வந்த அன்றே நாத்தனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு டெய்லரம்மா அவரைத் தூக்கிப் பார்த்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியைப் பாதி சுருட்டி முதுகோடு செருகி, மறுபக்கம் புரட்டி மீதியை இழுத்துவிட்டு, வால்களைக் குறுக்காக்கி, வளையங்களைக் கம்பியில் மாட்டி, பொத்தானை அழுத்தினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். கொக்கு கழுத்தைத் தூக்கியது. துணியும் எழுந்தது. ஆனால் ஆள் துணியோடு சேர்ந்து எழவில்லை. தலை துணிக்குள்ளே அமிழ்ந்தது, காது மறைந்தது. முட்டி இரண்டும் முகவாய்க்கு வந்தன. பிட்டம் மட்டும் தொய்ந்து, வால்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி வழியாகக் கீழே கீழே இறங்கியது. டிரைவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் லாரியின் பிரேக் பிடிக்காமல் போன அன்றைக்குக்கூடப் போடாத சத்தத்தைப் போட்டார். நாத்தனார் அவருடைய இடுப்பை அடியில் தாங்கிப் பிடித்தாள். டெய்லரம்மா இறக்கும் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். கட்டிலில்தான் விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நீலத் துணியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொண்டார்.

"மாட்டேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை.

துணி பெரிதாக இருக்கிறது என்பது டெய்லரம்மாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பெரிதாக இருந்தால் என்ன செய்வார்கள்? பிடித்துத் தைப்பார்கள். அவள் கடையில் அன்றாடம் நடக்கிற வேலை அது. மறுநாள் மதியம் அவர் தூங்கியதும் மெஷினைத் திறந்தாள். இருப்பதிலேயே தடித்த ஊசி, பைகளுக்குப் போடும் நைலான் நூல். முதுகின் இரண்டு பக்கமும் சுருக்கிப் பிடித்து இரட்டைத் தையல் ஓட்டினாள். தோள் வளையங்களை மடித்து, சீட் பெல்ட் நாடாவின் குறுக்கே நான்கைந்து வரிசை அடித்தாள். ஊசி ஒன்று ஒடிந்தது, வேறு ஊசி போட்டாள். முடித்து விரித்துப் பார்த்தபோது தையல் அவ்வளவு நேராக வந்திருந்தது. இடுப்பு வலித்தாலும் கை தவறவில்லை என்று ஒரு சின்னத் திருப்தி. வெகு நாளைக்கு அப்புறம் அன்று மாலை முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பிசியோ தோளில் ஒரு பெரிய பையோடு வந்தாள். டெய்லரம்மாவைவிட வயதில் மிகவும் சின்னவள், வேகமாகப் பேசுபவள். வந்ததும் வராததுமாகக் கொக்கின் கால்களை விரித்துப் பார்த்தாள், மூடிப் பார்த்தாள். பாட்டரியைப் பார்த்தாள். அப்புறம் ஸ்லிங்கைக் கேட்டாள்.

டெய்லரம்மா மடித்து வைத்திருந்ததைப் புதுச்சட்டை கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தாள்.

பிசியோ அதைத் தரையில் விரித்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள். ஓரம் முழுக்க விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவள் தோளுக்கு அருகில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இதை யாரு தச்சது?"

"நான்தான் மேடம். ரொம்பப் பெரிசா இருந்துச்சு. நைலான் நூல்தான் போட்டிருக்கேன். ஆனையைக் கட்டித் தூக்கலாம்."

பிசியோ வளையத்தை ஒரு கையிலும் நாடாவை ஒரு கையிலும் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். "தையல் ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் பிரச்சனை. இங்க பாருங்க. இந்த நாடாவுல பலம் எங்க இருக்கு? நீளவாக்குல ஓடற இந்த இழையில. நீங்க குறுக்கால ஊசி போட்டிருக்கீங்க. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு இழையை அறுத்திருக்கு. பஸ் டிக்கெட்டைக் கிழிக்கிறதுக்கு வசதியா வரிசையா ஓட்டை போட்டிருப்பாங்க பாத்தீங்களா? நீங்க அந்த மாதிரி நாலு வரிசை போட்டு வச்சிருக்கீங்க."

டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரியாத விஷயம் இல்லை அது. தடித்த ஊசி துணியை அறுக்கும் என்று அவளே கடைக்கு வருபவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் தைத்த எந்தத் துணியிலும் ஒரு ஆள் தொங்கியதில்லை. ஆள் மேல்தான் துணி தொங்கும்.

"அப்ப இத பிரிச்சிடறேன்."

"பிரிச்சாலும் ஓட்டை இருக்கும்ல. இது இனிமே வேண்டாம்க்கா." பிசியோ பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து நான்கு முனைகளிலும் இருந்த வளையங்களை வெட்டினாள். தெரியாமல் வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல கத்திரிக்கோல் இல்லை, நாடாவைக் கடித்துக் கடித்துத்தான் வெட்டியது. டெய்லரம்மா உள்ளே போய்த் தன் கத்திரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள்.

நாத்தனார் வாசல் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தாள்.

"நீ என்னைக்குத்தான்... சொல்லல" என்றது கட்டில்.

பிசியோ தன் போனில் எதையோ தேடிப் பார்த்தாள். "எங்க ஆபீஸ்ல போன் பண்ணி அளவு கேட்டாங்களே, அப்ப என்ன சொன்னீங்க? பெரிய சைஸ்னு போட்டிருக்கே. அளவு எடுத்துத்தானே சொன்னீங்க?"

"எடுக்காமலா?" என்றாள் டெய்லரம்மா.

பொய் இல்லை அது. எடுத்திருந்தாள். கல்யாணமான புதிதில் எடுத்தாள், அப்புறம் சட்டைக்குச் சட்டை எடுத்தாள், பிறகு எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. அவருடைய தோளும் மார்பும் முதுகும் அவளுக்கு மனப்பாடம். ஆபீஸிலிருந்து கேட்டபோது மாவு பிசைந்த கையோடு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அதோடு விட்டாளா? "கொஞ்சம் தாராளமாவே குடுங்க, ரெண்டு விரல் லூஸ் இருக்கட்டும்" என்று வேறு சேர்த்தாள். எந்தத் தையல்காரரும் அதைச் சொல்வார். சட்டை என்றால் உள்ளே காற்று ஓட வேண்டும், கை தூக்கினால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மனுஷன் திட்டுவான்.

டெய்லரம்மா அதைச் சொன்னபோது பிசியோ சிரிக்கவில்லை. "சட்டைக்கு அது சரிக்கா. சட்டை உடம்பு மேல இருக்கு. இதுல உடம்பு துணி மேல இருக்கு. லூசா இருந்தா அந்த லூஸ் வழியாத்தான் ஆள் நழுவுவாரு. சின்னதா இருந்தாலும் தப்பு, தொடையை வெட்டும், முன்னால சாய்ஞ்சிடுவாரு. இவருக்கு இப்ப என்ன அளவோ அதுதான் வேணும்." போனைப் பையில் போட்டாள். "இப்ப எடுத்துப் பாக்கலாமா? உங்க டேப்பே போதும்."

டேப் டெய்லரம்மாவின் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் குளித்ததும் தாலியைச் சரிசெய்வதுபோல அதையும் எடுத்து மாட்டிக்கொள்வது அவள் வழக்கம்.

பிசியோவும் நாத்தனாரும் சேர்ந்து டிரைவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தார்கள். முதுகெலும்பு முடிகிற இடத்தில், உட்கார்ந்தால் பலகையில் படும் அந்த எலும்பில், டேப்பின் நுனியை வைக்கச் சொன்னாள் பிசியோ. அங்கிருந்து முதுகோடு போய் உச்சந்தலை வரைக்கும். டெய்லரம்மா இடது கட்டைவிரலால் நுனியை அழுத்திக்கொண்டு வலது கையால் டேப்பை ஓட்டினாள். பனியனுக்கு மேலேயே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. தோளுக்கு வந்தபோது கை தானாக அகலமாகப் போய், அங்கே எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது.

தினமும் இந்த உடம்பைத்தான் தூக்குகிறாள். குளிப்பாட்டுகிறாள், துடைக்கிறாள். தூக்கும்போதெல்லாம் கனமாகத்தான் இருந்தது. அதனால் குறைந்தது தெரியவில்லை.

டேப் சொன்ன எண்ணை அவள் இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை பிசியோவே பார்த்துச் சொன்னாள்.

"தொடையும் எடுங்கக்கா."

தொடையையும் எடுத்தாள். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. டேப்பை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

"என்ன... டெய்லரு" என்றார் டிரைவர், முகம் சுவர்ப் பக்கம் இருக்க. வீட்டில் அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். "துணி... மிச்சமாகுமா?"

"ரெண்டு சட்டைத் துணியில மூணு தைக்கலாம்" என்றாள் அவள். குரல் சரியாகத்தான் வந்தது.

அளவு நடுத்தரம் என்று ஆனது. அப்படி ஒன்று பிசியோவின் பையிலேயே இருந்தது. அதோடு இன்னும் சிலவற்றையும் எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் பரப்பினாள். டிரைவரின் கண் அவற்றில் ஒன்றின் மேல் போய் நின்றது. முதுகில் ஒரு பட்டை, தொடைக்கு இரண்டு பட்டை, அவ்வளவுதான். துணியே குறைவு.

"அது" என்றார்.

"அது பாத்ரூம் போறவங்களுக்கு. உடுப்பைக் கழட்ட மாட்ட வசதி. ஆனா சார், அதுல ரெண்டு கையும் வெளியில இருக்கணும், ரெண்டு கையாலயும் இறுக்கிக்கணும். ஒரு கை தானா மேல போயிடுச்சுன்னா அக்குள் வழியா நழுவிடுவீங்க. உங்க வலது கை இப்ப உங்க பேச்சைக் கேக்குதா?"

"என் பேச்ச... யாரு கேக்கறா... இந்த வீட்ல?"

"அப்ப வேண்டாம். முழு முதுகு இருக்கறதுதான் உங்களுக்கு. இதுலயே அடியில திறப்பு இருக்கு, பாத்ரூம் நாற்காலியில உக்கார வைக்கலாம். ஒருநாள் கை திரும்பி வரட்டும், அன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்." பிசியோ நடுத்தர ஸ்லிங்கை எடுத்தாள். "போடலாமா?"

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார்?"

"மாட்டேன்."

"இது உங்க அளவு சார். நழுவாது."

"மாட்டேன்."

நாத்தனார் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. டெய்லரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், நிற்க முடியாமல்தான். எல்லாம் கைகூடி வந்து, சரியான அளவும் கிடைத்து, இப்போது இவர் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறார். கோபித்துக்கொள்ளவும் அவளிடம் சத்து இல்லை. அந்தரத்தில் தொங்கியது அவர். துணியைத் தப்பாகக் கேட்டது அவள்.

பிசியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் இருப்பதிலேயே சின்ன ஸ்லிங்கை எடுத்து உதறினாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க."

"எங்க?"

"இதுலதான். உங்களுக்கு இது சரியா இருக்கும்."

"ஐயோ, எனக்கா? நான் என்ன மேடம்... வேண்டாம் மேடம். இடுப்பு வேற..."

"இடுப்புக்குத்தான் சொல்றேன். அவரைத் தொங்க விடறவங்க ஒரு தடவையாவது தொங்கிப் பாக்கணும். எங்க டிரெயினிங்ல எங்களையும் தொங்க விட்டாங்க." சொல்லிக்கொண்டே கொக்கின் கைப்பொத்தானைக் கழற்றி எடுத்து, டிரைவரின் இடது கையில் வைத்தாள். "சார், கண்ணைத் தொறங்க. மேல அம்புக்குறி போட்டது ஏத்தும். கீழ போட்டது எறக்கும். விரலை எடுத்தா அங்கயே நிக்கும், விழாது. உங்க வீட்டம்மாவைத் தூக்கப் போறது நீங்கதான்."

டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

டெய்லரம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, முதுகுக்குப் பின்னால் துணியை இறக்கினாள் பிசியோ. தொடைக்கு அடியில் வால்கள் வந்தன, குறுக்காக மாறின. வளையங்களை மாட்டும்போது டிரைவருக்குக் கேட்கும்படியாகச் சொல்லிக்கொண்டே மாட்டினாள். தோளுக்குக் குட்டையான வளையத்தைப் போட்டால் ஆள் நிமிர்ந்து உட்கார்வார். நீளமானதைப் போட்டால் சாய்வார். காலுக்கு அதற்கு நேர்மாறு. எந்த நிறமானாலும் சரி, இடமும் வலமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பஸ் ஒரு பக்கம் சாய்ந்த கதைதான்.

"கொக்குக்கு... பிரேக்?" என்றார் டிரைவர்.

பிசியோவின் முகம் மலர்ந்தது. "நல்லா கேட்டீங்க. போடக் கூடாது சார். நாற்காலிக்கு மட்டும்தான். தூக்கும்போது பாரம் நடுவுக்கு வரணும்னு கொக்கு தானே கொஞ்சம் உருண்டு இடம் பாத்துக்கும். அதைப் பிடிச்சு நிறுத்தினா ஆள் ஊஞ்சல் ஆடுவாரு."

டிரைவர் அதை யோசித்தார். பாரம், நடு, சக்கரம். இவை அவருக்குத் தெரிந்த வார்த்தைகள். தலையை ஆட்டினார். பிறகு இடது கட்டைவிரலை மேல் அம்புக்குறியின் மேல் வைத்தார்.

கொக்கு முனகியது. நாடாக்கள் விறைத்தன. டெய்லரம்மாவின் குதிகால் தரையை விட்டது, பிறகு விரல்கள்.

"நிறுத்துங்க" என்றாள் பிசியோ. நிறுத்தினார். "எப்பவும் இங்க ஒரு தடவை நிறுத்தணும். ஒரு சாண் உயரத்துல. நாலு வளையமும் கொக்கியில இருக்கா, முகம் சரியா இருக்கான்னு பாக்கணும். அப்புறம்தான் மேல."

அவர் பார்த்தார். நான்கு வளையத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் முகத்தைப் பார்த்தார்.

டெய்லரம்மா பயத்தில் நாடாவை இறுக்கிப் பிடித்திருந்தாள். இன்னும் கொஞ்சம் ஏறியதும் பிடி தளர்ந்தது. துணி முதுகை முழுவதுமாக வாங்கிக்கொண்டது. தலைக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை இருப்பதுபோல இருந்தது. இடுப்பில் எத்தனையோ வாரமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, அவிழ்த்துவிட்ட முடிச்சைப் போல மெல்ல விட்டது. பாதங்களில் கனமே இல்லை. யாரோ தன்னைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். தான் எதையும் பிடித்துக்கொள்ள வேண்டாம், யாரையும் தாங்க வேண்டாம். கண் தானாக மூடியது.

"அக்கா? எப்படி இருக்கு? பயமா இருக்கா?"

டெய்லரம்மா தலையைத் துணியில் இன்னும் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

"அக்கா?"

"இருக்கட்டும்" என்றாள் டெய்லரம்மா, கண்ணைத் திறக்காமல். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. டிரைவர் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் அந்தரத்தில் உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கழுத்திலிருந்து டேப் தொங்கி லேசாக ஆடியது.

"எறங்க... மாட்டியா?" என்றார் கடைசியில்.

"மாட்டேன்."

அவருடைய வாயின் இடது ஓரம் மேலே போனது. அது என் வார்த்தை ஆச்சே என்பதுபோல. பிறகு கீழ் அம்புக்குறியை, தூங்குகிற பிள்ளையை இறக்குவதுபோல, விட்டு விட்டு அழுத்தினார்.

அவள் பாதம் தரையில் பட்டதும் கைப்பொத்தானைப் பிசியோவிடம் நீட்டினார். "எனக்கும்... மாட்டுங்க."

மாட்டினார்கள். ஒருக்களிக்க வைத்து, துணியைச் சுருட்டிச் செருகி, புரட்டி இழுத்து. இந்த முறை வளையங்களை மாட்டியது டெய்லரம்மா. நிறம் பார்த்து, இடம் வலம் பார்த்து. ஒரு சாண் உயரத்தில் நிறுத்தியபோது அவள் துணியின் ஓரங்களைத் தன் வழக்கப்படி விரலால் தடவிக்கொண்டே வந்தாள். தொய்வு இல்லை, பிடிப்பும் இல்லை. தலை துணிக்கு வெளியே நன்றாகத் தெரிந்தது. பிட்டம் துணிக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது. முட்டி முகவாய்க்கு வரவில்லை. தாராளம் என்று சொல்ல ஒரு விரல்கூட இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். நாற்காலி வரைக்கும் நாத்தனார்தான் கொக்கைத் தள்ளினாள், முட்டி வலியை மறந்து. டிரைவர் உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. "ஸ்டீயரிங்க ஒடிக்கணும்... இன்னும் ஒடிக்கணும்" என்று அதற்கு வழி சொல்ல ஆரம்பித்தார்.

பிசியோ பையைக் கட்டினாள். "இந்த வீட்ல முடியும். ஆனா ஒண்ணு. தனியா ஒருத்தர் தூக்கலாமான்னு நான் இன்னும் சில தடவை வந்து பாத்துட்டுத்தான் சொல்வேன். அதுவரைக்கும் எப்பவும் ரெண்டு பேர் வேணும்."

எல்லாரும் நாத்தனாரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் அவள். "எனக்கு வேற வேலை இல்லையா?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "காலைல வரேன். சாயங்காலம் வரேன். நடுவுல யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது, சொல்லிட்டேன்."

பிசியோவை வழியனுப்ப நாத்தனார் வாசலுக்குப் போனாள். டெய்லரம்மா கட்டில் விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தாள். அவர் இல்லாத கட்டில். அதன் நடுவில் ஒரு பள்ளம். விரிப்பை இழுத்துச் செருகினாள். அடுத்து அவரைக் கட்டிலுக்கு மாற்றுவதற்குள் உலை வைக்க வேண்டும், யாரோ கொடுத்த ரவிக்கை பாதியில் நிற்கிறது, அவருக்கு மருந்து நேரம் ஆகப்போகிறது. ஒரு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்திலேயே ஓரமாகச் சாய்ந்தாள்.

நாத்தனார் காதில் போனோடு உள்ளே வந்தாள். "தம்பி, இல்லத்துல இருந்து கேக்கறாங்க. உனக்குன்னு வச்சிருக்கற கட்டிலை என்ன செய்யறதுன்னு..."

டிரைவர் இடது கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். "மெதுவா" என்றார். கட்டிலைக் காட்டினார்.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தணித்து போனில், "இப்போதைக்கு வேண்டாம்மா. வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்று சொல்லி வைத்தாள்.

"டேப்பு" என்றார் டிரைவர். "கழுத்துல... சுத்திக்கும். எடு."

நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தூங்குகிறவளின் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். டெய்லரம்மா அசையவில்லை. டேப்பைச் சுருட்டித் தம்பியின் மடியில் வைத்தாள். அவர் அதன் மேல் தன் இடது கையை வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினார்.